நீளக்கை இல்லாத இறால்

மில்லில் ஏணியிலிருந்து விழுந்ததற்காக என் வீட்டுக்காரர்மேல் நான் கோபப்பட்டதே இல்லை. யாராவது வேண்டுமென்று விழுவார்களா? விழுந்து, தொடை எலும்பு கூடி, மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று கிடந்தாரே, அதற்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால் இந்தக் கதை நகராது. அதனால் ஒரே ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சென்னிமலை. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் பிட்டர். நீலகிரிப் பைக்காராவிலிருந்து கரண்ட் வந்த பிறகு மூன்று வருஷமாக ஓயாமல் ஓடுகிற மில் அது. இவரும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

கட்டைப் பிரித்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "எலும்பு நல்லாக் கூடிருச்சும்மா. இனி நடந்தாத்தான் கால். புரட்டாசி முடியறதுக்குள்ள நடக்கலேன்னா சதை சூம்பிப் போயிரும். அப்புறம் என்கிட்ட கூட்டிட்டு வந்து பிரயோஜனமில்லை" என்றார்.

அதை அப்படியே இவரிடம் சொன்னேன். நயமாகச் சொன்னேன், திட்டிச் சொன்னேன், ஒருநாள் அழுதும் சொன்னேன். மோட்டுவளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எலும்பு முறிஞ்ச சத்தம் இன்னும் காதுக்குள்ளயே இருக்குது புள்ள. கால ஊனுனா மறுபடியும் கேக்கும்" என்றார். நான் காலண்டரைப் பார்த்தேன். ஆவணி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

அவர் ஆசையாகப் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். படுக்கையில் பொழுது போகட்டும் என்று மில் தச்சர் லட்சுமணசாமி தேக்குச் சட்டத்தில் கண்ணாடி பதித்து ஒரு மீன்தொட்டி செய்து கொடுத்திருந்தார். வீவிங் மாஸ்டர் மெட்ராஸிலிருந்து ரயிலில் தகர டின்னில் தண்ணீரோடு கொண்டுவந்த ஐந்து தங்கமீன்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். தொட்டி ஜன்னலோரம் இருந்தது. கட்டிலிலிருந்து நாலே எட்டு, நான் அளந்து வைத்திருந்தேன்.

ஜன்னல் வெயில் பட்டுப் பட்டுக் கண்ணாடி முழுக்கப் பாசி பிடித்துவிட்டது. படுத்த இடத்திலிருந்து பார்த்தால் பச்சைத் துணி தொங்குகிற மாதிரி இருக்கும். தேங்காய் நாரால் இரண்டு தடவை தேய்த்தேன். தண்ணீர் கலங்கி, மீன்கள் மிரண்டு இரண்டு நாள் மூலையிலேயே கிடந்தன. அதற்கும் எனக்குத்தான் ஏச்சு.

"கண்ணுக்கே தெரியலைன்னா எந்திரிச்சு வந்து பக்கத்துல பாருங்க" என்றேன்.

"கம்முனு இரு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரம் அமீர் ஹம்சா மீன் கொண்டுவந்தார். குளத்திலும் நொய்யலிலும் வலை போட்டு, சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறவர். பத்து வருஷப் பழக்கம். நான் பேரம் பேசினால் சிரித்துக்கொண்டே மீனை மறுபடி கூடைக்குள் போட்டுவிடுகிற ஆள். ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, இறாலு உடலாமுங்களே. குளத்துப் படியில இறாலு ஒக்காந்திருக்கற கல்லுல பாசி நிக்கறதில்லீங்க, வழிச்சுத் தின்னுபோடுதுங்க" என்றார்.

இது எனக்குப் புதிது. இறாலைக் குழம்புச் சட்டியில் பார்த்திருக்கிறேனே தவிர, உயிரோடு அது என்ன தின்னும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. சரி, கொண்டு வாங்க என்றேன்.

அடுத்த நாள் ஒரு சொம்பில் இருபது பொடி இறால் வந்தது. அரிசி நீளம்கூட இருக்காது. உடம்புக்குள் இருப்பது வெளியே தெரியும், அவ்வளவு தெளிவு. தொட்டியில் விட்டேன். விடிந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. மீன்கள் ஐந்தும் வயிறு உப்பி, கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தவர்களைப் போல மெதுவாக நீந்திக்கொண்டிருந்தன.

"என்னாச்சு?" என்று கட்டிலிலிருந்து கேட்டார்.

"காணோம்."

"எதக் காணோம்? இறாலையா, மீனையா?"

வாயைத் திறக்கப் போனவள் மூடிக்கொண்டேன். அவர் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தார். அடிபட்டதிலிருந்து அவர் தானாக அவ்வளவு எழுந்து நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் எனக்கு ஒரு புத்தி வந்தது. இனிமேல் இந்தத் தொட்டியைப் பற்றி எதையும் முழுசாகச் சொல்லக் கூடாது, பாதிதான் சொல்ல வேண்டும்.

"அடுப்புல பால் இருக்குது, வாரேன்" என்று உள்ளே போய்விட்டேன். பாவம், ஒரு மணி நேரம் "நஞ்சம்மா, நஞ்சம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பொடியெல்லாம் போய்விட்டது என்றதும் ஹம்சா பெரிசாக இரண்டு கொண்டுவந்தார். அடேயப்பா, அதுகளுக்குக் கை என்றால் கை. உடம்பைவிட நீளம். நுனியில் நீலம் பாய்ந்த கொடுக்கு. "இத மீனு திங்காதுங்க்கா" என்றார். திங்கவில்லைதான். இரண்டு நாள் கல்லுக்கடியில் சாதுவாக உட்கார்ந்திருந்தன. மூன்றாம் நாள் நான் கேணியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தபோது இவர் போட்ட கூச்சலில் வாளியைக் கேணிக்குள்ளேயே விட்டுவிட்டேன். ஓடிப் போய்ப் பார்த்தால் ஒரு இறால் மீனின் வாலைக் கொடுக்கால் பிடித்துத் தொங்குகிறது, மீன் துடிக்கிறது. கையை விட்டுப் பிரித்தேன். மீனுக்கு வால் கிழிந்தது, எனக்கும் ஒரு கடி.

விரலைச் சப்பிக்கொண்டு திரும்பியபோதுதான் கவனித்தேன். இவர் கட்டிலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பாதம் தரையில் பட்டிருந்தது. நான் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டையும் கொழம்பு வெச்சுரு" என்றார் கோபமாக. வைத்தேன், நன்றாகத்தான் இருந்தது.

அதன்பிறகு ஆராய்ச்சி சூடுபிடித்தது. இவரே ஹம்சாவை உட்கார்த்தி வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எந்தப் பள்ளத்தில் எந்த இறால், ஓடுகிற தண்ணீரிலா தேங்கின தண்ணீரிலா, எது எதைத் தின்னும் என்று மில்லில் மெஷின் ரிப்பேர் பார்ப்பது போலத்தான் கேட்டார். ஹம்சாவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒருநாள் நொய்யலிலிருந்து உயிரோடு ஒரு குடம் கலப்பு இறாலைக் கொண்டுவந்து பீங்கான் தட்டத்தில் கொட்டினார். தட்டத்தைக் கட்டில்மேலேயே வைத்தோம். என் ஜமக்காளம் போயிற்று, போகட்டும் என்று விட்டேன்.

"மீன் வாயிக்குள்ள போற சைஸ் வேண்டாம்" என்றார் இவர். பொடியெல்லாம் ஒதுங்கியது. "கை நீளமா இருக்கறது வேண்டாம்." அவை குழம்புச் சட்டிக்கு ஒதுங்கின. நடுவில் மிஞ்சியவை ஒன்றரை விரற்கடை நீளம், வெளிறின பழுப்பு நிறம், முதுகில் மெல்லிசாக ஒரு கோடு.

"கொஞ்சம் இருங்க" என்று ஹம்சா கருவாட்டைக் கிள்ளிப் போட்டார். இரண்டு இறால் பாய்ந்து வந்து பற்றி இழுத்துக்கொண்டு ஓடின. உற்றுப் பார்த்தால் அதுகளுக்கும் கை நீள ஆரம்பித்திருந்தது. நீளக்கைச் சாதியின் குட்டிகள். எடுத்துவிட்டோம். மிஞ்சிய ஏழும் அவசரப்படவில்லை. ஆற அமர வந்து தடவித் தடவித் தின்றன. இவர் ஒன்றை உள்ளங்கைத் தண்ணீரில் ஏந்தி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏம் புள்ள, இங்க வந்து பாரு. இதுக்குக் கொடுக்கே இல்ல. கை நுனியில மயிர்தான் இருக்குது, சீமாறு மாதிரி."

பார்த்தேன். நிஜமாகவே சின்னஞ்சிறு சீமாறு. அதால் பெருக்கிப் பெருக்கி வாயில் போட்டுக்கொள்கிறது. இத்தனை வருஷம் நான் ஆய்ந்து கழுவிய இறாலில் இப்படி ஒரு சாதி இருந்ததா என்று எனக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. ஆனாலும் நான் நம்பவில்லை. அந்த ஏழு இறாலையும் ஒரு சட்டியில் வாய்க்கால் மீன் குஞ்சுகளோடு இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். குஞ்சுகளுக்கு ஒரு கீறல் இல்லை. அதன்பிறகுதான் தொட்டிக்குள் விட்டேன். அதிலும் ஒன்று வாசல்படியில் துள்ளி விழுந்து காக்காய்க்குப் போயிற்று. ஆறு மிஞ்சியது. அதை இவரிடம் சொல்லவில்லை.

ஒரே வாரம். கண்ணாடியில் கோடு கோடாக வெளிச்சம் வந்தது. பிறகு ஜன்னல்பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. இறால்கள் கண்ணாடியில் நின்று பெருக்கிக்கொண்டே இருக்கும். மீன்கள் கிட்டே வந்து பார்த்துவிட்டு, வாய்க்குள் நுழையாத சமாச்சாரம் என்று திரும்பிப் போய்விடும்.

ஒருநாள் காலையில் மணல்மேல் ஒரு இறால் அசையாமல் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் கூடு. கண் வரைக்கும், மீசை வரைக்கும் வெறும் கூடு. பாம்பு சட்டை உரிப்பது போல அதுவும் உரிக்கும் போலிருக்கிறது.

"ஒண்ணு செத்துப்போச்சுங்க" என்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"அப்ப ஆறுதானா?"

"இல்லீங்க, உசுரோட ஏழு இருக்குது" என்றேன். பொய்தான். முன்னே சொல்லாமல் விட்டது இப்போது உதவியது.

"ஏழுல ஒண்ணு செத்தா ஏழு எப்படி இருக்கும்?"

"எனக்கென்னங்க தெரியும், நான் என்ன கணக்கு வாத்தியாரா? நீங்களே வந்து எண்ணிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். போனவள் கதவிடுக்கில் நின்றேன்.

கட்டில் கிறீச்சிட்டது. தலைமாட்டில் இத்தனை நாள் சும்மா கிடந்த தடி தரையில் தட்டியது. நாலு எட்டு. தொட்டிச் சட்டத்தைப் பிடித்து நின்று, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி எண்ணினார்.

"ஆறுதான்டி இருக்குது" என்று கத்தினார். "எண்ணக்கூடத் தெரியலை உனக்கு."

அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஊரிலிருக்கிற சாமிகளில் ஒன்றைக்கூட விடாமல் கும்பிட்டேன்.

தினம் எட்டு எட்டு நடந்தார், பிறகு வாசல் வரைக்கும். அந்தச் சனிக்கிழமை, மூன்று மாதத்துக்குப் பிறகு அவருக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றினேன். கட்டிலில் துணியால் துடைத்ததெல்லாம் குளியலா? மூன்று மாத அழுக்கு போக வேண்டும் என்று கை தாராளமாக அரப்புப் பொடியை அள்ளிப் பித்தளைப் போசியில் கரைத்துத் தலையில் வைத்துத் தேய்த்தேன். பச்சை நுரை கேணி மேடு முழுக்க ஓடியது. சாப்பிட்டுவிட்டு அவர் அசந்து தூங்க, நான் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார், முகமெல்லாம் பல்.

"தொட்டியில தண்ணி கொறஞ்சிருந்துச்சு. நானே கேணிக்கும் ஊட்டுக்கும் நாலு நடை நடந்து ஊத்திப்போட்டேன்" என்றார்.

கேணிக்கும் வீட்டுக்கும் நாலு நடை. டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. மனுஷன் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரின் ஓரத்தில் கொஞ்சம் நுரை கட்டியிருந்தது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் ஒன்று சாய்ந்தது, பிறகு இன்னொன்று. கிழிந்த வால் மீனை மட்டும் எப்படியோ வேறு குடத்துத் தண்ணீருக்கு மாற்றினேன். மற்ற நாலும் போய்விட்டன. செத்துக் கிடந்த மீன்மேல் ஆறு இறாலும் ஏறி உட்கார்ந்து, அந்தச் சீமாறுக் கையால் தடவிக்கொண்டிருந்தன.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆறையும் அள்ளி ஒரு சட்டியில் போட்டேன். இவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்க் கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். காலையில் எழுப்பினேன், எழவில்லை. "கால் வலிக்குது" என்றார். மத்தியானம் கூப்பிட்டேன், வரவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஹம்சாவின் சைக்கிள் மணி கேட்டதும் தெருவுக்கே போய்விட்டேன். "சாதுன்னு சொன்னீங்களே பாய், நாலையும் கொன்னுபோட்டு மேல ஒக்காந்து தின்னுச்சு உங்க சாது. என்ற ஊட்டுக்காரர் மறுபடியும் படுத்துட்டாரு. இனி இந்த வாசப்படி மிதிக்காதீங்க" என்றேன். பத்து வருஷப் பழக்கத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. நாக்கில் சனி.

அவர் கோபப்படவில்லை. "செத்த மீனைப் பாக்கலாமுங்களா?" என்றார். கொல்லையில் இலையில் சுற்றிப் புதைக்க வைத்திருந்ததைக் காட்டினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கடிச்ச காயமே இல்லீங்களே. வாலு முழுசா இருக்குது, செதிலும் போகலை. உசுரோட இருக்கறப்ப இறாலு தொடலீங்க்கா. செத்ததுக்கப்பறம்தான் வந்திருக்குது. சாகறப்ப மேல வந்து வாயப் பொளந்துச்சுங்களா?"

"ஆமா."

"நொரை இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு. அதுக்கென்ன?"

"மலையோரப் பள்ளத்துல காரைக்காயை இடிச்சுத் தண்ணியில கலக்கி உட்டு மீன் புடிப்பாங்க. நொரை கட்டும். மீனெல்லாம் வாயப் பொளந்துட்டு மேல வந்துரும். ஆனா அதே தண்ணியில நண்டும் இறாலும் ஒண்ணும் ஆகாம ஓடிட்டிருக்கும், நானே பாத்திருக்கறேன். உங்க ஊட்டுல நொரை வர்றது என்னங்க்கா இருக்குது?"

நான் கேணி மேட்டைப் பார்த்தேன். கல்மேல் பித்தளைப் போசி கவிழ்த்தபடி இருந்தது. எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் பாதி கழுவினது போல இருந்தது. மீதிப் பாதியில் அரப்பு இன்னும் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் குளித்து முடித்ததும் போசியைக் கழுவாமல் அங்கேயே விட்டது நான். அதை எடுத்து நாலு நடை தண்ணீர் மொண்டு ஊற்றியது அவர்.

அப்படியும் நான் நம்ப மறுத்தேன். இரண்டு சட்டியில் தண்ணீர் பிடித்து, ஹம்சா ஒரு சொம்பில் உயிரோடு வைத்திருந்த வாய்க்கால் குஞ்சுகள் இரண்டையும் என் ஆறு இறாலில் இரண்டையும் சட்டிக்கு ஒன்றாக விட்டேன். ஒரு சட்டியில் மட்டும் போசியைக் கழுவி ஊற்றினேன். இரண்டு பேரும் கேணி மேட்டில் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சட்டிக் குஞ்சு மேலே வந்து வாயைப் பிளந்தது. அதே தண்ணீரில் இறால் அடியில் நிதானமாகப் பெருக்கிக்கொண்டிருந்தது. குஞ்சை அள்ளி நல்ல தண்ணீரில் போட்டேன். பிழைத்துக்கொண்டது.

"பாய், நான் பேசினதையெல்லாம் மறந்துருங்க" என்றேன்.

"அதுக்கென்னுங்க்கா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார்.

அதுதான் எனக்கும் தெரியவில்லை. மனதில் இருப்பதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் நான். ஆனால் இவர் மூன்று மாதத்துக்குப் பிறகு காலை ஊன்றிச் செய்த முதல் வேலை அது. அந்த வேலைதான் மீன்களைக் கொன்றது என்று சொன்னால் இவர் இனி எந்த ஜன்மத்தில் எழுந்திருப்பார்? சொல்லாமல் விட்டால் ஹம்சா தலையில் பழி.

உள்ளே போனேன். சுவரைப் பார்த்துக் கிடந்த முதுகிடம் சொன்னேன். "இறாலு கொல்லலீங்க. நான்தான் கொன்னுபோட்டேன். நீங்க தூங்கறப்ப, கடைக்குப் போறதுக்கு முன்னால, அரப்புப் போசியைக் கழுவாம ஒரு போசித் தண்ணி ஊத்திட்டேன். பாய் பாத்துச் சொல்லிட்டாரு. அவரு மேல தப்பில்லை."

முதுகு அசையவில்லை.

"நீயா ஊத்துன?" என்றார்.

"நான்தான்."

"கழுவாமயா?"

"கழுவாமத்தான். என்னைத் திட்டோணும்னா திட்டிப்போடுங்க."

அவர் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் தொட்டியைக் காலி செய்து, மணலைக் கழுவி வைத்தேன். ஹம்சா காலையிலேயே வந்து கொல்லைச் சட்டியைப் பார்த்து, ஆறு இறாலும் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். கிழிந்த வால் மீன் குடத்தில் இருந்தது. இனித் தண்ணீர் பிடிக்க வேண்டியதுதான் என்று அடுப்படியில் வாளியைத் தேடிக்கொண்டிருந்தபோது கட்டில் கிறீச்சிட்டது. தடி தட்டியது. நான் வெளியே வரவில்லை, கதவிடுக்கில் நின்றேன்.

தடியை ஊன்றிக் கேணி வரைக்கும் போனார். போசியை எடுத்தார். குனிய முடியாமல் கல்மேல் உட்கார்ந்து, சாம்பல் போட்டு ஒரு தடவை தேய்த்தார், இரண்டாவது தடவை தேய்த்தார், அலம்பிவிட்டு மூன்றாவது தடவையும் தேய்த்தார். பக்கத்து அண்டாவில் தண்ணீர் மொண்டு எழுந்து நின்றார். நடக்கவில்லை. போசியை மூக்கருகே கொண்டுபோய் நின்று நிதானமாக மோந்து பார்த்தார்.

பிறகுதான் வீட்டைப் பார்த்து நடந்தார். தொட்டியில் ஊற்றிவிட்டு மறுபடி கேணிக்குப் போனார். ஒவ்வொரு நடைக்கும் மோந்து பார்த்தார். எத்தனை நடை என்று எண்ணத்தான் நினைத்தேன். கண் மறைத்ததில் தவறவிட்டேன்.

தொட்டி நிறைந்ததும் அடுப்படிப் பக்கம் திரும்பி, "நஞ்சம்மா" என்று கூப்பிட்டார்.

"ஏனுங்க?"

"சாயங்காலம் பாய் ஊடு வரைக்கும் போய்ட்டு வாரேன். நேத்து என்னால அவருக்குப் பேச்சு உழுந்துச்சு."

ஹம்சா வீடு உக்கடத்தில். எப்படியும் நாலு மைல் இருக்கும். "வண்டி புடிச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"போறப்ப நடந்துக்கறேன், வர்றப்பப் பாத்துக்கலாம்" என்றார்.